கெவின்: பெயரின் பொருளும் அது கடந்து வந்த பாதையும்

ஜெர்மனியில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்களுக்கு ஆண் குழந்தை பிறக்கப்போகிறது. என் வீட்டுக்காரருக்கு கெவின் என்ற பெயர் ரொம்பப் பிடித்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் கெவின் என்று இருக்கட்டும், வீட்டில் கவின் என்று கூப்பிடலாம் என்கிறார். வேலை செய்யும் இடத்தில் இதைச் சொன்னபோது கூட இருந்த ஜெர்மன் தோழி, 'ஐயோ, கெவினா?' என்று முகத்தைச் சுளித்தாள். அந்தப் பெயரில் அப்படி என்ன குறை? அது எந்த ஊர்ப் பெயர், அர்த்தம் என்ன? கவினும் கெவினும் ஒன்றுதானா?"

முதலில் பதில்: தாராளமாக வைக்கலாம். பெயரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜெர்மனியில் அந்தப் பெயருக்கு ஒரு தலையெழுத்து நேர்ந்திருக்கிறது. உங்கள் தோழியின் முகச்சுளிப்புக்குக் காரணம் அதுதான். அதைத் தெரிந்துகொண்டு வைப்பது நல்லது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கெவின் அசல் ஐரிஷ் பெயர். பழைய ஐரிஷ் மொழியில் அதன் வடிவம் கோய்ம்கென். இன்று ஐரிஷ் மொழியில் எழுதும்போது க்வீவீன் என்பார்கள். வடக்கே போனால் கீவீன் என்று காதில் விழும். லிவர்பூல் அணியில் கோல்கீப்பராக இருந்து பிறகு பிரென்ட்ஃபோர்டுக்குப் போன கெல்லெஹரின் முதல் பெயர் இதுதான். அதை எழுத்தில் பார்த்தால் கெவின் என்று யாருக்கும் தோன்றாது. ஐரிஷ் எழுத்துமுறையில் எம் எழுத்துக்குப் பக்கத்தில் எச் வந்தால் வகர ஒலி. அது தெரியாதவர்கள் அந்தப் பெயரைப் படுத்தும் பாடு சொல்லி முடியாது.

பெயரில் இரண்டு பகுதிகள். கோய்ம் என்றால் மென்மையான, அன்புக்குரிய, அழகான. கென் என்றால் பிறப்பு. சேர்த்தால் 'இனிய பிறப்பு' அல்லது 'அழகுடன் பிறந்தவன்'. இந்தக் கென் என்ற சொல்லும் சமஸ்கிருத வழியில் நமக்கு வந்த ஜனனம் என்ற சொல்லும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. முதல் பகுதியை, வீடு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லான ஹைமோடு மொழியியலாளர்கள் சேர்க்கிறார்கள். வீட்டைச் சேர்ந்தது, அதனால் அன்புக்குரியது என்று பொருள் நகர்ந்திருக்கிறது. ஜெர்மானியர்கள் அந்நியப் பெயர் என்று ஒதுக்கும் கெவினுக்குள் அவர்கள் தினமும் சொல்லும் ஒரு சொல்லின் உறவு இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, கவின்? அதற்கும் கெவினுக்கும் மொழி உறவு எதுவும் இல்லை. கவின் தூய தமிழ்ச் சொல். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாட்டிலேயே 'மாமைக் கவின்' வருகிறது. கெவின், ஐரிஷ் மொழி அடங்கிய கெல்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒலியில் ஒத்துப்போவதும், இரண்டிலும் அழகு என்ற பொருள் இருப்பதும் தற்செயல். ஆனாலும் உங்கள் வீட்டுக்காரரின் யோசனை நல்ல யோசனை. வேர் வேறாக இருந்தாலும், ஒரே குழந்தையை ஏறக்குறைய ஒரே ஒலியில், ஒரே பொருளில் இரண்டு மொழிகளில் கூப்பிட முடிவது எல்லோருக்கும் வாய்க்காது.

இந்தப் பெயர் யாரால் நிலைத்தது என்று பார்த்தால் ஒரே ஒரு ஆளிடம் போய் நிற்கும்: ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி, புனித கெவின். கிழக்கு அயர்லாந்தின் லென்ஸ்டர் பகுதியில் அரச குலத்தில் பிறந்தவர். அப்பா கோய்ம்லோக், அம்மா கோய்மெல். அந்த 'கோய்ம்' வீட்டில் எல்லோருக்கும் பொது. இந்தப் பெயரை உலகில் முதன்முதலாகத் தாங்கியவர் இவர்தான், ஒரு தேவதூதன் வந்து வைக்கச் சொன்னான் என்று அவருடைய வரலாறுகள் சொல்கின்றன. 618இல் இறந்தார் என்பது மரபு. 120 வயது வரை இருந்தார் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். துறவிகளின் கதை என்றால் வயது இப்படித்தான் நீளும்.

டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மலைகளுக்குள் கிளென்டலாக் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இரட்டை ஏரிப் பள்ளத்தாக்கு என்று பொருள். கெவின் தனிமை தேடிப் போனது அங்கேதான். மேல் ஏரியின் வடகரையில் பழைய சுரங்கத் தொழிலாளர் பாதை ஒன்று உண்டு. அதில் நடந்துபோய் எதிர்க்கரையைப் பார்த்தால், செங்குத்தான பாறையில், தண்ணீருக்கு மேலே சில ஆள் உயரத்தில் ஒரு கறுப்புத் துவாரம் தெரியும். கெவினின் படுக்கை என்று அதற்குப் பெயர். அவர் காலத்துக்கும் மிக முன்னால் மனிதக் கையால் குடையப்பட்ட குகை என்று கருதுகிறார்கள். உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. முடங்கிப் படுக்கலாம், அவ்வளவுதான். கரையிலிருந்து பாதை கிடையாது, படகில்தான் போக வேண்டியிருந்தது. அரச குலத்துப் பிள்ளை தேர்ந்தெடுத்த இடம் அது. ஆனால் தனிமை நீடிக்கவில்லை. சீடர்கள் தேடி வந்தார்கள், கீழ் ஏரிப் பக்கம் மடம் எழுந்தது, அது வளர்ந்து அயர்லாந்தின் முக்கியமான கல்வி நிலையங்களில் ஒன்றானது. இன்றும் சுமார் 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம் அங்கே நிற்கிறது. பக்கத்திலேயே கல் கூரை போட்ட சின்னத் தேவாலயம். அதன் மணிக்கூண்டு அடுப்புப் புகைபோக்கி மாதிரி இருப்பதால் ஊர்க்காரர்கள் அதை கெவினின் சமையலறை என்கிறார்கள்.

அவரைப் பற்றிய கதைகளில் பறவைகளும் விலங்குகளும் நிறைய. ஏரியில் விழுந்த அவருடைய வேதப் புத்தகத்தை நீர்நாய் ஒன்று எடுத்துக் கொடுத்தது. மடத்துக்குத் தினமும் மீன் கொண்டுவந்தது என்றும் உண்டு. ஒரு ராஜாவின் கிழட்டு வாத்துக்குப் பறக்கும் சக்தியை மீட்டுக் கொடுத்து, அது சுற்றிப் பறந்த நிலம் முழுவதையும் மடத்துக்கு வாங்கிக்கொண்டார் என்பது இன்னொரு கதை. மிகவும் பரவியது கருங்குருவிக் கதை. தவக்காலத்தில் குடிலுக்குள் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் சிலுவை போல விரித்து ஜெபம் செய்கிறார். குடில் குறுகல் என்பதால் ஒரு கை சாளரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளங்கை மேல்நோக்கி. ஒரு கருங்குருவி வந்து அதில் உட்காருகிறது, கூடு கட்டுகிறது, முட்டையும் இடுகிறது. அவருக்குத் தெரிகிறது. கையை மடக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. முட்டை பொரிந்து குஞ்சுகள் பறக்கும் வரை அப்படியே இருக்கிறார். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேல்ஸ்காரரான ஜெரால்டு இதை எழுதி வைத்தார். அயர்லாந்தில் புனித கெவின் சிலைகளில் கையில் ஒரு பறவை இருப்பது இதனால்தான். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாக் கதையும் இப்படி மென்மையாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன்னை விரும்பித் தேடி வந்த பெண்ணை அவர் செந்தட்டிச் செடியால் அடித்து விரட்டினார் என்று ஒரு பழைய வரலாறு சொல்கிறது. பிற்கால நாட்டுப்பாடல்களில் அவளை ஏரியிலேயே தள்ளிவிடுகிறார். பின்னால் வந்தவர்கள் கூட்டிச் சேர்த்த கதைகளாகவே இருக்கலாம்; ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கில் இந்தக் கதையையும் சேர்த்தேதான் சொல்வார்கள்.

இப்படி ஒரு புனிதர் இருந்தும், பல நூற்றாண்டுகள் கெவின் சாதாரணப் பெயராகப் புழங்கவில்லை. ஆங்கிலேய ஆட்சியில் ஐரிஷ் மொழி தேய்ந்தபோது ஐரிஷ் பெயர்களும் பின்னுக்குப் போயின. பையன்கள் பேட்ரிக், ஜான், மைக்கேல் என்று போனார்கள். நிலைமை மாறியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1893இல் ஐரிஷ் மொழியை மீட்கும் இயக்கமான கேலிக் லீக் தொடங்கியது. மொழியோடு சேர்ந்து பழைய பெயர்களும் தூசி தட்டப்பட்டன. தனித்தமிழ் இயக்கக் காலத்தில் சாமிநாதன்களும் நாராயணசாமிகளும் தமிழ்ப் பெயருக்கு மாறியதை நினைத்துக்கொண்டால் அந்த வேகம் புரியும். 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் கெவினின் புனிதர் நிலையை முறைப்படி உறுதி செய்தார். கத்தோலிக்க நாட்டில் அதற்குப் பெரிய மதிப்பு.

அப்புறம் நடந்ததுதான் அந்தப் பெயரை ஒவ்வொரு ஐரிஷ் வீட்டுக்குள்ளும் கொண்டுபோனது. கெவின் பேரி என்ற 18 வயதுப் பையன், டப்ளினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவன், ஐரிஷ் குடியரசுப் படையில் சேர்ந்திருந்தான். 1920 செப்டம்பர் 20 அன்று டப்ளினில் ராணுவ வண்டி மீது நடந்த தாக்குதலில் மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் இறந்தார்கள். அவன் அந்த இடத்திலேயே பிடிபட்டான். இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. வயதைப் பார்த்து விட்டுவிடுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டும் பலனில்லை. நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா அன்று காலை மவுன்ட்ஜாய் சிறையில் தூக்கிலிட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்களுக்குப் பிறகு அப்படி மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட முதல் ஐரிஷ் போராளி அவன்தான். அவனைப் பற்றிய பாட்டு ஊரெங்கும் பரவியது, பிறந்த குழந்தைகளுக்கு அவன் பெயரை வைத்தார்கள். சிறைக்குள்ளேயே புதைக்கப்பட்ட அவன் உடலை 2001 அக்டோபரில், அதே போல் தூக்கிலிடப்பட்ட மற்ற ஒன்பது பேரோடு சேர்த்து எடுத்து அரசு மரியாதை செலுத்தினார்கள். அதனால் அயர்லாந்தில் வயதான ஒருவரிடம் கெவின் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒன்று அந்தத் துறவி, இல்லையென்றால் இந்தப் பையன்.

கடல் தாண்டிய ஐரிஷ் குடும்பங்களோடு பெயரும் போனது. அமெரிக்காவில் 1960களில் கெவின் முதல் 20 பெயர்களுக்குள் இருந்தது; கெவின் காஸ்ட்னர், கெவின் பேக்கன் எல்லாம் அதற்குச் சற்று முன்னால் பிறந்தவர்கள். பிரிட்டனிலும் ஏறக்குறைய அதே காலம்தான். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தப் பெயர் இருப்பதும் ஆங்கிலம் வழியாகத்தான்.

இனி உங்கள் தோழியின் முகச்சுளிப்புக்கு வருவோம். 1977இல் இங்கிலாந்துக் கால்பந்து வீரர் கெவின் கீகன் லிவர்பூலை விட்டு ஹாம்பர்க் அணிக்கு வந்தார். 1978, 1979 என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது; 1979இல் ஹாம்பர்க்குக்கு ஜெர்மன் லீக் பட்டம். ஜெர்மன் ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். கெவின் என்ற பெயர் ஜெர்மன் வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான். 1980களில் அமெரிக்கத் தொடர்களும் படங்களும் பெருகின. 1990இல் வெளியான 'ஹோம் அலோன்' படம் 1991 தொடக்கத்தில் ஜெர்மனிக்கு வந்தபோது, அதில் வரும் சிறுவனின் பெயரான கெவினைத் தலைப்பிலேயே சேர்த்து வெளியிட்டார்கள். அந்த ஆண்டு ஜெர்மனியில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் கெவின்தான்.

அந்தப் படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வது வழக்கம். நான் அதை ஏற்பதில்லை. பிரான்சைப் பாருங்கள்: அங்கே படத்தின் தலைப்பில் கெவின் என்ற பெயரே கிடையாது. படம் வருவதற்கு முன்னால், 1989லேயே கெவின் முதலிடத்தைப் பிடித்துவிட்டது. 1994 வரை இறங்கவில்லை. 1991இல் மட்டும் 14,000க்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஏறிக்கொண்டிருந்த அலையைப் படம் இன்னும் தூக்கிவிட்டது என்பதுதான் சரி.

அலை எங்கிருந்து எழும்பியது என்பதில்தான் விவகாரம் இருக்கிறது. பிரான்சில் அதுவரை பெயர்கள் மேலிருந்து கீழே இறங்கும். பணக்காரக் குடும்பங்கள் ஒரு பெயரை வைக்கும். ஒரு தலைமுறை கழித்து அது மற்றவர்களுக்கு வரும். கெவின் அந்த வரிசையில் வரவில்லை. தொழிலாளர் குடும்பங்கள், சிறு நகரத்துக் குடும்பங்கள் தொலைக்காட்சியில் கேட்டு, பிடித்துப்போய், யாரிடமும் அனுமதி கேட்காமல் வைத்தார்கள். மேல்தட்டுக்கு அது பொறுக்கவில்லை. குழந்தையின் பெயரைக் கேட்டதுமே அப்பா என்ன வேலை, அம்மா எவ்வளவு படித்திருப்பாள் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். சாதியைப் பெயரில் மோப்பம் பிடிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஜெர்மனியில் இது கேலியாக மாறி, 'கெவினிஸ்முஸ்' என்று ஒரு சொல்லே பிறந்தது: படிக்காத பெற்றோர் குழந்தைக்கு வெளிநாட்டுப் பெயர் வைக்கும் 'நோய்' என்று பொருள். 2009இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு வெளியானபோது நாடே பேசியது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களிடம் மாணவர் பெயர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மாக்சிமிலியன், ஷார்லோட், அலெக்சாண்டர் என்றால் நன்றாகப் படிப்பவர்கள், அடக்கமானவர்கள். கெவின், ஜஸ்டின், ஷான்டால் என்றால் படிப்பில் மந்தம், நடத்தையில் தொல்லை. ஓர் ஆசிரியர் எழுதிய குறிப்பு பிரபலமாகிவிட்டது: கெவின் என்பது பெயரே இல்லை, அது மருத்துவர் சொல்லும் நோயறிக்கை என்ற பொருளில். இதை எழுதியவர் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிப்பவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அந்தக் குழந்தை இன்னும் வாயே திறக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரைப் பார்த்ததுமே முடிவு கட்டியாயிற்று. 2015இல் அகராதிப் பதிப்பகமான லாங்கென்ஷைட் நடத்திய, ஆண்டின் இளைஞர் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில், வடிகட்டிய முட்டாள் என்ற பொருளில் 'ஆல்ஃபா-கெவின்' என்ற சொல் முன்னுக்கு வந்தது. அந்தப் பெயருள்ளவர்களைப் புண்படுத்துகிறது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்.

இப்போது நிலைமை என்ன? அந்த அலையில் பிறந்தவர்கள் முப்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அவர்களில் பொறியாளர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் உண்டு. 1989இல் பெர்லினில் பிறந்த கெவின் கூனெர்ட் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 2021 முதல் 2024 வரை பொதுச் செயலாளராக இருந்தார். பிரெஞ்சு வீரர் கெவின் மேயர் 2018இல் டெகாத்லான் என்ற பத்து வகைத் தடகளப் போட்டியில் 9,126 புள்ளிகள் எடுத்து உலக சாதனை படைத்தார். பெல்ஜியத்தின் கெவின் டி பிராய்னவைத் தெரியாத கால்பந்து ரசிகர் இல்லை. 2022இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு கெவின் என்ற பெயரில் இரண்டு பேர் தேர்வானபோது, அதுவே அங்கே செய்தியானது. கேலி இன்னும் முழுக்கப் போகவில்லை, ஆனால் முனை மழுங்கிவிட்டது. முக்கியமாக, இன்று ஜெர்மனியில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பெயரை வைப்பவர்கள் குறைவு. உங்கள் பையன் பள்ளிக்குப் போகும்போது வகுப்பில் அவன் ஒருவனே கெவினாக இருக்க வாய்ப்பு அதிகம். அவன் வயதுப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து வீட்டு மாமாவின் பெயர்.

அயர்லாந்திலும் இதேதான். அங்கே ஒரு இழுக்கும் கிடையாது. ஆனால் கெவின் என்றால் அப்பா வயதுப் பெயர். இன்றைய இளம் பெற்றோர்கள் கிலியன், ஒஷீன், ஃபின், ரீயன் பக்கம் போகிறார்கள். இப்படிப்பட்ட பெயர்கள் ஒரு சுற்றுக் கழித்துத் திரும்பி வருவது வழக்கம் என்பதால், நீங்கள் ஒருவேளை முந்திக்கொள்கிறீர்களோ என்னவோ.

நடைமுறைக்கு வருகிறேன். கெவின் பிடித்திருந்தால் கெவின் என்றே எழுதுங்கள். ஐரிஷ் எழுத்தில் க்வீவீன் வேண்டாம். ஜெர்மன் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும், ஐரிஷ் குடும்பம் இல்லாதபோது அந்தச் சுமைக்கு அர்த்தமும் இல்லை. கவின் என்று மட்டும் வைப்பது எனக்கு மிகவும் உவப்பான வழி. நம் சொல், பழைய சொல். ஒரு தொல்லை உண்டு: ஜெர்மானியர்கள் அதைப் பார்த்து, கெவினைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பார்கள். அதாவது கேலிக்குப் பயந்து கவினுக்கு மாறினால் அந்தப் பயன் கிடைக்காது. பிடித்ததற்காக வைப்பதானால் சரி.

கெவின் கவின் என்று இரண்டையும் சேர்த்துப் பதிய வேண்டாம், காதுக்கு ஒன்றாகவே விழும். கெவினோடு ஒரு தமிழ்ப் பெயரைச் சேர்க்கலாம்: கெவின் அமுதன், கெவின் இளங்கோ மாதிரி. ஜெர்மன் சட்டப்படி ஒன்றுக்கு மேற்பட்ட முதற்பெயர்கள் வைக்கலாம். 2018 நவம்பர் முதல், பெயருக்குரியவர் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அவற்றின் வரிசையை மாற்றிக்கொள்ளவும் முடியும். பையன் வளர்ந்து எது முன்னால் வர வேண்டும் என்று அவனே முடிவு செய்யலாம். பிறப்பை ஒரு வாரத்துக்குள் பதிய வேண்டும். பெயர் மட்டும் முடிவாகவில்லை என்றால் அதை ஒரு மாதத்துக்குள் சொன்னால் போதும். அதனால் தோழியின் முகத்தைப் பார்த்து அவசரமாக எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசி முடிவெடுங்கள்.